ஊதிப்போன ரப்பர்

அப்பாவின் பள்ளி வேனில் பிரேக் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் தினேஸ்வரி திருகி எடுத்தாள். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய எண்ணெய் சிவப்பாக இருந்தது. மூடியின் உட்புறத்து ரப்பர் ஊதிப்போய் வெளியே பிதுங்கியது. விரலால் அழுத்தி உள்ளே தள்ளினாள். அடங்கவில்லை.

 

வெள்ளிக்கிழமை சிம்பாங் பூலாய் சாலை விளக்கில் பிரேக் தரைவரை போய்விட்டதாம். மூன்று முறை மிதித்த பிறகுதான் கல் லோரிக்கு ஒரு சாண் பின்னால் வேன் நின்றதாம். உள்ளே பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேர். அப்பா பழனியப்பன் இதைச் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவரோடு பட்டறைக்கு வந்திருந்தாள்.

பட்டறைக்காரர் மகேந்திரன் கையில் சிவப்பு எண்ணெய்ப் போத்தலுடன் வந்தார்.

"தள்ளு தங்கச்சி, கொஞ்சம் ஊத்திவிட்டா சரியாயிடும்."

"அது என்னண்ணே?"

"ஸ்டீரிங்குக்கு ஊத்துற மிஞாக் லா. ரெண்டு வாரத்துக்கு முந்தி இதான் ஊத்துனேன். நல்ல சாமான்."

"மூடியிலேயே டாட் 3 பிரேக் எண்ணெய்தான்னு பொறிச்சிருக்கே."

"அதெல்லாம் புது காடிக்கும்மா. இது கிழட்டு வேன். எதைக் குடுத்தாலும் குடிக்கும்!"

மகேந்திரன் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவளைச் சுட்டது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வேதியியல் படித்தவள் அவள். மூடியை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா, எஸ்டேட்ல பால்மரம் வெட்டுனப்ப, கையில காய்ஞ்ச பாலை எதை வெச்சுத் தேய்ப்பீங்க?"

"மண்ணெண்ணெய். அதுக்கென்ன இப்ப?"

"ஏன் மண்ணெண்ணெய்?"

"அதுலதான் ரப்பர் இளகும். தண்ணிக்கு அசையாது."

"இதுவும் அந்த வகை எண்ணெய்தான். பிரேக்குக்குள்ள முழுக்க ரப்பர்ப்பா. ரெண்டு வாரமா ஊறிக்கிட்டு இருக்கு. தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். பிசுபிசுவென்று இருந்தது. சிரிப்பு நின்றது.

"சரி லா," என்றார் மகேந்திரன். "எல்லாத்தையும் உறிஞ்சிட்டு டாட் 3 ஊத்துறேன். அரை மணி நேரம்."

"பத்தாதுண்ணே. டாட் மூணோ நாலோ எதை ஊத்துனாலும், கெட்ட ரப்பர் நல்லதாகாது. மேல பம்பு, நாலு சக்கரம், ஹோஸ், எல்லா ரப்பரையும் மாத்தணும். குழாயையும் கழுவணும்."

"வெளியூர்லேர்ந்து சாமான் வரவே மூணு நாள் ஆகும்!"

"ஆகட்டும்."

"நாளைக்குப் பிள்ளைங்கள யாரு ஏத்துறது?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "மகேன் இருபது வருசமா நம்ம வண்டியப் பாக்குறான். தீபாவளி அன்னிக்குக் கூப்பிட்டாலும் வருவான். அவன் மூஞ்சிக்கு நேரா இப்படிப் பேசாத. மெதுவா ஓட்டிக்கிறேன்."

"அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கல் லோரிக்குள்ள போய் முட்டுங்க. பிள்ளைங்க பின்னால உட்கார்ந்திருக்கும்."

அவள் வேனுக்குள் எட்டி அப்பாவின் கைப்பேசியை எடுத்தாள். பெற்றோர் குழுவைத் திறந்து குரல் பதிவை அழுத்தினாள்.

"வணக்கம். பழனியப்பன் மகள் பேசுறேன். நாளைலேர்ந்து வேன் வராது. பிரேக் சரியில்ல. வெள்ளிக்கிழமையே லோரியில மோதியிருக்கும். வேற வண்டி பாத்துக்குங்க."

"என்னடி பண்ணிட்ட!" அப்பா கைப்பேசியைப் பிடுங்க வந்தார். "அழிச்சுத் தொல! ஊர்ல எவன் இனி நம்ம வண்டியில பிள்ளைய ஏத்துவான்?"

"பிரேக் இல்லாம ஓட்டுனா மட்டும் ஏத்துவானா?"

அதற்குள் கைப்பேசி அலறியது. காளியம்மா. இரண்டு பிள்ளைகளையும் இதே வேனில் அனுப்புபவர்.

"என்ன பொண்ணு, லோரியில மோதியிருக்குமா? உங்கப்பன் ஒரு வார்த்த சொல்லலியே! பிரேக்குக்கு என்னா ஆச்சு?"

"தப்பான எண்ணெய் ஊத்தியாச்சுக்கா."

"எந்தப் படுபாவி ஊத்துனது?"

தினேஸ்வரி மகேந்திரனைப் பார்த்தாள். அவர் சிவப்புப் போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இங்கதான் நிக்கிறாரு. நீங்களே கேளுங்க."

கைப்பேசியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கும்வரை கையை இறக்கவில்லை.