லச்மனியாவின் கைக்குழந்தை

எங்கள் பாட்டன் பாட்டிமார் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கடல் கடந்து வந்திறங்கின தீவு இது. இங்கே லம்பாசாவில் சம்பந்தம் பேசப் போனால் ஜாதகத்துக்கு முன்னால் கப்பலைத்தான் கேட்போம். "உங்க ஆளுங்க எந்தக் கப்பல்ல வந்தாங்க?" என்றால், தன் வயதை மறந்தவன்கூடப் பட்டென்று சொல்வான். சுக்நந்தன் மட்டும், "ஏதோ ஒண்ணு, யாரு கண்டா பஹினி," என்று தங்கச்சி முறை வைத்துக் குழைந்துகொண்டு டீயை ஊதினார். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. இந்த ஆள் எதையோ மறைக்கிறார்.

அவர் மகள் அஷ்னிதாவைத்தான் கட்டுவேன் என்று என் மகன் ரோஹிதேஷ் ஒற்றைக்காலில் நின்றான். இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பெண் லட்சணமானவள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் வம்சத்துக்கு மூத்தவளான லச்மனியாவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கரும்புத் தோட்டக் கூலிக்கு வெள்ளைக்காரனிடம் கைநாட்டு வைத்து, கல்கத்தாவில் தனியாகக் கப்பலேறினவள். இங்கே இறங்கும்போது இடுப்பில் பிள்ளை. மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளையையும் காணோம். செவ்வாய்க்கிழமை ராமாயணம் பாடக் கூடும் மண்டலியில் இதை நாலு பேர் காதில் போட்டவள் நான்தான்.

"நூறு வருஷத்துக் கதைய வச்சு எதுக்கு மா மல்லுக்கட்டறீங்க?" என்றான் மகன்.

"கதையாடா? வெள்ளைக்காரன் தும்மினதக்கூட எழுதி வச்சிருப்பான். தலைநகரு சுவாவுல போய் ஏட்டப் பாத்துட்டு வரேன்."

"அப்படி ஒண்ணும் இல்லன்னா?"

"நானே போய் நாள் குறிக்கிறேன். இருந்துச்சுன்னா நீ அவள மறந்துடணும்."

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் சரி என்றான்.

ராத்திரிக் கப்பலில் இடுப்பு ஒடியப் போய்ச் சேர்ந்தேன். பதிவேட்டு அலுவலகத்தில் லித்தியானா என்ற இந்தத் தீவின் பூர்வகுடிப் பெண் இருந்தாள். நம்மைவிட நன்றாக நம் பேச்சைப் பேசினாள்.

"லச்மனியா உங்களுக்கு என்ன உறவு ஆன்ட்டி?"

"எதுவும் ஆகிடக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

அவள் சிரித்துக்கொண்டே ஏட்டைப் பிரித்தாள். லச்மனியா, வயது இருபது. இடது முழங்கையில் தீத்தழும்பு. கணவன் என்ற கட்டத்தில் வெறும் கோடு. துணைக்கு வந்தவர் என்ற இடத்திலும் கோடு. பிறகு, கரையில் இறங்கியவர்கள் பட்டியல்: லச்மனியா, கைக்குழந்தை ஒன்று, பெண்.

"பாத்தியா?" என்று மேசையைத் தட்டினேன். "இதுக்கு ஒரு நகல் போட்டுக் குடு."

"இருங்க, ஓரத்துல குறிப்பு ஒண்ணு இருக்கு." விரலை வைத்து மெல்லப் படித்தாள். "வழியில் இறந்த சுமரியாவின் குழந்தை. தகப்பன் ராமவதார் காய்ச்சலில் கிடக்கிறான். இவள் தானே கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்கிறாள். குழந்தையின் பெயர் ராஜ்வந்தி."

ராஜ்வந்தி என் அப்பாவைப் பெற்றவள். ராமவதார் அவளுடைய தகப்பன். சுமரியா என்ற பெயரை நான் கேட்டதே இல்லை. ராஜ்வந்தியின் தாய் என்று என் பிறந்த வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தில் இருப்பவள் துலாரி.

எழுதினவன் குடித்துவிட்டு எழுதியிருப்பான் என்று லித்தியானாவிடம் சண்டைக்குப் போனேன். அவள் கோபிக்காமல் தோட்டத்து ஏட்டையும் எடுத்து வந்தாள். மூன்றாம் வருஷம் ராமவதார் துலாரியைக் கட்டிக்கொண்டு, லச்மனியாவிடமிருந்து மகளைக் கூட்டிப்போனதாக அதில் இருந்தது. யாரைச் சந்தி சிரிக்க வைத்தேனோ, அவள்தான் எங்கள் பிள்ளையை மூன்று வருஷம் சுமந்திருக்கிறாள்.

கப்பலை விட்டு இறங்கி நேராக சுக்நந்தன் வீட்டுக்குப் போனேன். நகலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும் பஹினி."

"தெரிஞ்சா ஏன் சொல்லல? நான் வாய்க்கு வந்ததப் பேசறப்பவும் சும்மா இருந்தீங்களே?"

"லச்மனியா எங்க வீட்டு ஆளுங்ககிட்ட வாங்கின சத்தியம். அந்தப் பிள்ளை துலாரிய அம்மான்னு கூப்பிடட்டும், பெத்தவ இல்லன்னு அதுக்குத் தெரியவே கூடாதுன்னு சொன்னா. கப்பல் பேரச் சொன்னா நீங்க தோண்டிடுவீங்கன்னு பயம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்று வாயெடுத்தேன். அஷ்னிதா உள்ளேயிருந்து வந்தாள்.

"நாள் எல்லாம் இருக்கட்டும் ஆன்ட்டி. நீங்க பேசினது என் வகுப்புப் பிள்ளைங்க வரைக்கும் வந்துச்சு. ரோஹிதேஷ எனக்குப் பிடிக்கும். ஆனா எங்க லச்மனியாவத் திட்டின வீட்டுக்கு நான் வர மாட்டேன். எங்க பேசினீங்களோ அங்கயே திருப்பிச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்."

"வேணாம் மா, சத்தியம்…" என்று சுக்நந்தன் இழுத்தார்.

"சத்தியம் உங்க வீட்டுது. நான் ஒண்ணும் பண்ணிக் குடுக்கல," என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மண்டலியில், பாட்டு ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்றேன்.

"லச்மனியா முறைகெட்டுப் பெத்ததுன்னு நான் சொன்னேனே ஒரு பிள்ளை, அது எங்க ராஜ்வந்தி. பெத்தவ சுமரியா கடல்ல போயிட்டா. துலாரி பின்னால வந்தவ. லச்மனியா அன்னிக்குக் கை நீட்டலன்னா எங்க குடும்பமே இல்ல. நான் பேசினது அத்தனையும் தப்பு."

துலாரியின் படத்துக்குத் தினமும் விளக்கேற்றுகிற என் அண்ணன் என்னைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் அண்ணியும் போனாள். இன்னும் இரண்டு பேர் போனார்கள். ரோஹிதேஷ் தலை குனிந்திருந்தான்.

அஷ்னிதா கதவோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். வெளியேறினவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போனார்கள். அவள் எழுந்து போகவில்லை; பாயில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.