பேராயர் மாளிகைக்குப் பால் காய்ச்சியது

மொன்றியலின் இல்-பிசார் தீவில், கணேசலிங்கத்தின் வீட்டுப் பின்வளவில் பனி கரைந்தபோது எழுநூறு வருடப் பழசான பேராயர் மாளிகை ஒன்றின் மிச்சம் எங்கிருந்தோ வந்து நின்றது. ஒரு நீளச் சுவர், பாதிப் படிக்கட்டு, ஆள் உள்ளே நிற்கக்கூடிய பெரிய குசினி அடுப்பு, அவ்வளவுதான். தக்காளிப் பாத்திக்கு வைத்திருந்த இடம் போய்விட்டதே என்பதுதான் கணேசலிங்கத்தின் முதல் கவலை. அவர் மனைவி ஜெகதீஸ்வரிக்கோ, வளவுக்குள் ஓர் அடுப்பு மூட்டாமல் கிடப்பது மனதுக்குச் சரிப்படவில்லை. நல்ல நேரம் பார்த்து, புதுவீட்டுக்குச் செய்வதுபோல அதில் பால் காய்ச்சிவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

மறுவாரம் நகரசபையிலிருந்து செலீன் என்ற பெண் வந்தார். இப்படியான இடிபாடுகள் கோடைக்கு வந்து, இலையுதிர்காலத்தில் தாமாகவே கடல் தாண்டிப் போய்விடும் என்றும், முதல் பனிக்குள் போகாவிட்டால் வளவும் வீடும் பாரம்பரியச் சொத்தாகி, குடும்பம் வெளியேற வேண்டிவரும் என்றும், குப்பை எடுக்கும் நாளைச் சொல்வதுபோலச் சொன்னார். இருவரும் இரண்டிரண்டு வேலை பார்த்து வாங்கிய வீடு. பாவம், கணேசலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"பால் காய்ச்சினா அது குடிபூந்திட்டன் எண்டுதானே நினைக்கும்! இனி எப்பிடியப்பா கிளப்பிறது?"

"வந்ததைப் போ எண்டு சொல்லுறதோ? வந்த புதுசில எங்களையும் போகச் சொன்னவங்கள்தானே," என்றார் ஜெகதீஸ்வரி.

கணேசலிங்கம் பயந்தபடியே சுவர் அசையவில்லை. ஆவணியில் படிக்கட்டுக்குப் புதிதாக இரண்டு படிகளும் முளைத்தன. கார்த்திகையில் முதல் பனி விழ, செலீன் வேலி அடிக்க ஆட்களோடு வந்து நின்றார். அப்போது படிக்கட்டின் உச்சியிலிருந்து, அதற்கு மேல் எதுவுமே இல்லாத இடத்திலிருந்து, பேராயர் இறங்கி வந்தார். அடுப்பு மூட்டியது யார் என்று லத்தீனில் கேட்டார். செலீன்தான் மொழிபெயர்த்தார். ஜெகதீஸ்வரி கையை உயர்த்தினார். அடுப்பை மூட்டியவளை என் வீட்டிலிருந்து எவரும் வெளியேற்ற முடியாது என்றார் பேராயர். சொத்துக்காரரே சொன்ன பிறகு செலீன் என்ன செய்வார்? ஆட்களை அனுப்பிவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார்.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் பேராயர் சாப்பாட்டுக்கு வருகிறார். அவர் காலத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது. ஆகவே மீனை எதிர்பார்த்துத் தட்டைப் பார்ப்பார்.

"வெள்ளிக்கிழமையில மச்சமோ, சுவாமி?" என்று ஜெகதீஸ்வரி பருப்பையும் கத்தரிக்காய்ப் பால்கறியையும்தான் வைப்பார். முதலில் முகத்தைச் சுளித்தவர், போன கிழமை சொதியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். கணேசலிங்கத்துக்கு இப்போது இருக்கும் ஒரே மனக்குறை, தக்காளிக்கு இடமில்லை என்பதுதான்.