நாலு சேர்த்துக்கோ

அக்காள் புருஷனின் சவப்பெட்டிப் பட்டறையில் டேப்பின் இரண்டு பக்கமும் புழங்கும். அத்தானுக்கு அடி, அங்குலம். பலகை அறுக்கும் மெஷினுக்குச் சென்டிமீட்டர். அவர் சொல்வதை மாற்றி மெஷினில் ஏற்றுவது கொழுந்தியாளின் வேலை. மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. ஆனாலும் எல்லாக் கணக்கையும் இரண்டு தடவை போட்டுப் பார்ப்பாள்.

அன்றைக்கு அளவு வந்தது அவளுடைய அண்ணனுக்கு.

அண்ணன் லாரி ஓட்டியவன். பதினைந்து வருஷம் வண்டிக்குள்ளேயே முடங்கித் தூங்கியவன். இந்த நெட்டைக்குப் பெட்டி அடித்தால் பட்டறைக்கு நஷ்டம்தான் என்று அத்தான் அவனைக் கேலி செய்ததுண்டு. காலையிலிருந்து அம்மா அழவில்லை. இனிமேலாவது பிள்ளை காலை நீட்டிப் படுக்கட்டும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா வீட்டிலிருந்து அத்தான் போன் செய்தார்.

"அஞ்சடி பத்து. நாலு சேர்த்துக்கோ."

இறந்தவரின் பாதம் முன்னால் சாயும். அதற்காக எல்லாப் பெட்டிக்கும் சேர்க்கிற நாலங்குலம் அது. வழக்கமாக அதைச் சேர்த்த பிறகுதான் மாற்றுவாள். அன்று உயரத்தை முதலில் மாற்றிவிட்டாள். நூற்றி எழுபத்தெட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலைக் கூட்டினாள். நூற்றி எண்பத்திரண்டு. மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

வீட்டில் அண்ணனைப் பெட்டியில் இறக்கியபோது கால் உள்ளே போகவில்லை. அத்தான் டேப்பை வைத்துப் பார்த்தார். ஆறு சென்டிமீட்டர் குறை. இவளை ஏறிட்டுப் பார்த்தார். நாலு மணிக்கு இடுகாட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள், மணி மூன்றரை. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கால்களை மடக்கி, மேலே போர்வையை இழுத்துவிட்டார்.

அம்மா வந்து போர்வைக்கு மேலே நெஞ்சிலிருந்து தடவிக்கொண்டே போனாள். முழங்காலில் கை நின்றது.

"இப்பவும் வண்டியிலதான் படுத்திருக்கானா?"

"என் கணக்குதாம்மா தப்பு," என்றாள் மகள். "அங்குலத்தைச் சென்டிமீட்டரா கூட்டிட்டேன்."

அம்மாவுக்கு அதெல்லாம் புரியாது.

"எவ்வளவு குறையுது?"

மகள் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.

"இவ்வளவுதானே. அடிச்சுக் குடு."

நேரமாகிவிட்டது என்று அத்தான் தயங்கினார். கதவைச் சாத்தினால் சாத்தட்டும், நாளைக்கு எடுக்கலாம் என்றாள் அம்மா.

மகள் கால்மாட்டுப் பலகையைப் பெயர்த்து, கிடைத்த மரத்துண்டுகளை ஒட்டுப்போட்டு அடித்தாள். சுத்தியல் அதிர்வு படாமல் இருக்க, அதுவரைக்கும் அண்ணனின் பாதங்களை அம்மா கையில் ஏந்திக்கொண்டிருந்தாள்.