நால்வரும் மூச்சு வாங்கிய இடம்

கிடங்கில் மூட்டை தூக்கும் நான்கு பேர் ஒரு பழைய ஜாஸ் காதல் பாட்டைப் பதிவு செய்ய ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள். பாட்டை அவர்கள் குரலுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுத்தவள் அதே கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவள். முதல் குரல் அவள் கொழுந்தனுக்கு. மற்ற மூவரும் அவன் குரலுக்கு அடியில் சேர்ந்து இழுக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் பதிவு ஒரே இடத்தில் பாழானது. ஒரே மூச்சில் சேர்ந்து தூக்கிப் பழகியவர்கள், 'போகாதே' என்ற சொல்லுக்கு முன்னால் நால்வரும் ஒன்றாய் மூச்சு வாங்கினார்கள். பாட்டில் பள்ளம் விழுந்தது.

"அடுத்த குழு வாசல்ல நிக்குது. இதுதான் கடைசி," என்றார் ஒலிப்பதிவாளர்.

கிரேன்காரி அலட்டிக்கொள்ளவில்லை. "நீங்க மூணு பேரும் எப்பவும் போல மூச்சு வாங்குங்க. தம்பி, நீ முந்தியே வாங்கிக்க. அந்தப் பள்ளத்துல 'போகாதே'ன்னு நீ மட்டும் பாடு."

"தனியாவா அண்ணி? குரல் நடுங்கிடும்."

"நடுங்கட்டுமே. போறவளைக் கூப்பிடறவன் அதட்டியா கூப்பிடுவான்?"

மூவரும் சிரித்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த இடம் வந்ததும் மூன்று குரல்கள் நின்றன. "போகாதே" என்று அவன் குரல் மட்டும் நடுங்கியபடி வந்தது. அது கீழே விழுவதற்குள் மூவரும் அடியில் தோள் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாசல்ல நிக்கறவங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கறேன். இன்னொண்ணு எடுப்போமா?"

"வேணாம் சார்," என்றபடி அவள் பையை மாட்டிக்கொண்டாள். "சரக்கு இறங்கிடுச்சு."