சந்தனம் பூசிய விசைப்பலகை

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. காலை முதலே வானம் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடந்தது. மழை வருவதுபோல் போக்குக் காட்டியதே தவிர, பட்டாபிராமில் ஒரு துளியும் விழவில்லை. மின்விசிறியின் கீழ் அமர்ந்தாலும் வியர்வை அடங்காத புழுக்கம்.

ராணி தன் விசைப்பலகையை ஒரு பூத்துவாலையில் சுற்றி, முந்தைய மாலையே அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வீட்டிற்குக் கொண்டுவந்திருந்தாள். அது அலுவலகத்தின் உடைமை அன்று; அவளுடையது.

அயல்நாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மருத்துவச் செலவுப் படிவங்களைத் திரையில் பார்த்துத் தட்டச்சு செய்வதே அவள் பணி. பெயர், தேதி, தொகை. மீண்டும் பெயர், தேதி, தொகை. அலுவலகம் அளித்த ரப்பர் விசைப்பலகையில் ஒவ்வொரு விசையையும் அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். அவ்வாறு அழுத்தி அழுத்தியே அவளது வலது மணிக்கட்டு பழுதாயிற்று. தோசையைத் திருப்பும்போதுகூட வலி தோள்வரை ஏறும். ஆகவே இரண்டு மாதங்களுக்கு முன், ரிச்சி தெருவிற்குச் சென்று ஒரு மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்கினாள். அதில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியே ஒரு சுருள்வில் உண்டு. பாதி அழுத்தினாலே போதும், எழுத்து விழுந்துவிடும்.

அது அலுவலகத்தில் முழங்கிய முதல் நாளன்றே, பக்கத்து இருக்கையிலிருந்த சுவேதா காதைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, சரவெடி கொளுத்தினாப்புல கீது! நாங்க காதுல பஞ்சு வெச்சிக்கினு வேல செய்யணுமா?"

"கை வலி கொறையுதுடி. நீ வேணா பஞ்சு வெச்சிக்கோ, நான் வாங்கித் தரேன்."

"அது கெடக்கட்டும். ஸ்பீடு ஏறிச்சா? அத்த சொல்லு."

காலை வேளையில் வேகம் சிறிதும் ஏறவில்லை என்பதே உண்மை. ஆனால் முன்பெல்லாம் மாலையில் மரத்துப்போகும் விரல்கள் இப்போது மரத்துப்போகவில்லை. காலையில் இருந்த வேகம் வீடு திரும்பும்வரை குன்றாமல் நின்றது. இத்தனை ஆண்டுகளில் தன் கைக்கென்று அவள் செய்துகொண்ட ஒரே நன்மை அதுவாகும்.

இந்நிலையில் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் சுருங்கியது. அவர்களது பிரிவில் இருவர் வேண்டாம், ஒருவரே போதும் என்று மேற்பார்வையாளர் ஜானகிராமன் அறிவித்தார். விஜயதசமி நல்ல நாளாகையால், அன்று காலை இருவருக்கும் அரைமணி நேரத் தேர்வு.

"அவங்கவங்க பழகின கீபோர்டுலயே செய்யலாம். ஆனா ராணி, உங்க சொந்த போர்டுக்கு நீங்கதான் பொறுப்பு. நடுவுல மக்கர் பண்ணா கடிகாரம் நிக்காது," என்றார் அவர்.

சுவேதாவிற்கு இருபத்தாறு வயது; இவ்விடம் போனால் வேறிடம் கிடைக்கும். நாற்பத்து மூன்று வயதான ராணிக்கு இதுவே கடைசி வாசல் என்பதை இருவரும் அறிவர்.

அவள் கணவன் சம்பந்தம் ஆவடியில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்பவன். அவளது உழைப்பை அவன் ஒருநாளும் உழைப்பென்று ஒப்புக்கொண்டதில்லை. "ஏசியில குந்திக்கினு பட்டன் தட்றதெல்லாம் ஒரு வேலையா? கையில மசை ஒட்டணும்மே, அதுக்குப் பேருதான் வேல," என்பான். உறவினர் நடுவே அதைச் சொல்லிச் சிரிப்பான். அவளும் உடன் சிரித்து வைப்பாள், உள்ளே எரியும்.

ஆயுத பூஜையன்று அவன் தன் அளவுகருவிகளையும் திருகுசாவிகளையும் துடைத்துப் பலகையில் அடுக்கினான். ராணி ஓர் ஓரமாகத் தன் விசைப்பலகையை வைத்தாள்.

"இத்த எதுக்குமே இங்க வெச்சிக்கினு கீற?"

"நாளைக்குப் பரீட்ச கீதுய்யா. சாமி கிட்ட இருக்கட்டுமேன்னுதான்."

சம்பந்தம் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். ஒரு விசையை அழுத்தினான். அது சொடுக்கென்று எழுந்து வந்தது. மீண்டும் அழுத்தினான். அவன் முகத்தில் ஒரு வியப்பு தோன்றியது.

"அட, உள்ள ஸ்பிரிங்கு கீதா? அப்ப இதுவும் மிஷினுதான். உன் ஆயுதம்தான்மே இது."

அச்சொல்லைக் கேட்க ராணி எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாள்! அவள் நெஞ்சு நிறைந்து நின்ற அந்நேரத்தில், அவன் பன்னீரில் குழைத்த சந்தனத்தை மூன்று விரல்களால் வழித்தெடுத்தான். லேத்திற்குப் பூசுவதைப் போலவே விசைவரிசைகளின் குறுக்கே தாராளமாக இழுத்தான். அதன் நடுவே குங்குமம் அப்பினான். சந்தனம் விசைகளின் இடுக்கில் இறங்குவதை அவள் கண்ணால் கண்டாள்.

'போதும்' என்னும் சொல் அவள் நாவின் நுனிவரை வந்தது. சொன்னால் அவன் கை நின்றுவிடும். ஆயுதம் என்ற சொல்லும் அதனோடு போய்விடும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள்வரை தொடலாகாது என்பது அவ்வீட்டு வழக்கம். ஆதலால் இரவு முழுதும் அது அங்கேயே உலர்ந்தது. காலையில் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். மேலே பளிச்சென்று ஆயிற்று. துடைத்த ஈரம் எஞ்சியதையெல்லாம் கரைத்து உள்ளே அனுப்பியதை அவள் அறியவில்லை.

அலுவலகத்தில் தேர்வு தொடங்கியது. முதல் படிவம் ஒழுங்காகவே முடிந்தது. மூன்றாம் படிவத்தில் சுழியத்தை ஒருமுறை அழுத்தினாள். திரையில் இரண்டு விழுந்தன. ஐந்நூறு ஐயாயிரமாயிற்று. அழித்துத் திருத்தினாள். அடுத்ததிலும் அவ்வாறே. பிறகு ஒரு விசை உள்ளே சென்று மேலே வர மறுத்தது; நகத்தால் நெம்பி எழுப்பினாள். பக்கத்தில் சுவேதாவின் ரப்பர் விசைப்பலகை சத்தமின்றிச் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"சார், போர்டு ஒட்டுது சார். ரெண்டு ரெண்டா உழுது."

"மாத்திக்கோங்க ராணி. ஆனா டைம் ஓடிட்டுதான் இருக்கும். நான் முன்னாடியே சொன்னேன்."

மேசைக்கடியில் கிடந்த பழைய ரப்பர் விசைப்பலகையை இழுத்துச் செருகினாள். விரல்கள் இரண்டு மாதப் பழக்கத்தில் பாதியளவே அழுத்தின, எழுத்துகள் விழவில்லை. அடிவரை அழுத்தத் தொடங்கியதும் மணிக்கட்டில் பழைய நெருப்பு பற்றியது. அவ்வலியோடு அவள் எஞ்சிய நேரமெல்லாம் ஓடினாள். ஆயினும் முன்பு விழுந்த சுழியங்கள் சில திருத்தப்படாமலே நின்றுவிட்டன.

முடிவை வாசித்தபின் ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்பீடு உங்களுதுதான் ஜாஸ்தி ராணி. ஆனா தொகையில தப்பு வந்தா கிளையண்ட் ஒத்துக்க மாட்டான்."

வாசலில் சுவேதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கே ஒரு மாரியா கீதுக்கா."

"உனக்கின்னாடி, நீ ஒழுங்காத்தான அடிச்ச. போ, போய் வேலயப் பாரு," என்றாள் ராணி. அவள் நினைத்ததைவிடக் குரல் கடுமையாக வந்துவிட்டது.

மாலையில் சம்பந்தம் கை கால் கழுவிக்கொண்டே கேட்டான். "இன்னாமே, உன்ன வேலையில வெச்சிக்கினானா?"

"வெச்சிக்கல."

"அந்த சவுண்டுப் பொட்டிய நம்பினா இப்டித்தான். பூச போட்டு பொட்டு வெச்சும் உன்ன கவுத்துடுச்சி பாரு."

ராணி விசைப்பலகையை மடியில் வைத்து, சுழியத்தின் மூடியை நெம்பிக் கழற்றினாள். உள்ளே மஞ்சளாக ஒரு பொருக்கு இறுகிக் கிடந்தது.

"இத்த பாருய்யா."

"இன்னா அது?"

"நேத்து நீ வெச்ச சந்தனம்."

அவன் குனிந்து பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். சொன்னான்.

"அப்ப சாமியாலதான் உன் வேல பூட்ச்சின்றியா?"

"சாமின்னு நான் சொன்னனா?"

"வேற இன்னா? என் லேத்துக்கு வருசா வருசம் வெக்கிறேன், அது ஓடல? மிஷினுன்னா அதான்மே மிஷினு. இது வெறும் டப்பா. நான் வெக்கிறப்பவே நீ வேணான்னு ஒரு வார்த்த சொல்லிக்கிறதுதான?"

அவன் கூறியதில் அது ஒன்றுதான் உண்மை.

"சரி வுடு. இனிமே ஊட்ல கெட. கையும் வலிக்காது," என்று கூறிவிட்டு அவன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தான்.

ராணி மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் உட்புறத்தைத் துடைத்தாள். துடைத்தபின் மீண்டும் பொருத்தினாள். சுழியத்தை அழுத்தினாள். அது தடையின்றி, ஒரேமுறை, சொடுக்கென்று ஒலித்தது.

"அய்ய, அத்த தூரப் போடும்மே, டிவி கேக்கல!" என்றான் சம்பந்தம்.

அவள் அதைப் பூத்துவாலையில் சுற்றி, கட்டிலுக்கடியில் தள்ளினாள்.