வால் கிழிந்த மீன்

சாய ஆலையின் சுற்றுச்சுவரில், தெருவைப் பார்த்தபடி ஒரு கண்ணாடித் தொட்டியைப் பதித்திருந்தார்கள். ஆலை கழித்துவிடும் சாயத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தமாகி, கடைசியாக அந்தத் தொட்டியில் விழுந்து, அப்புறம்தான் வாய்க்காலுக்குப் போகும். தொட்டிக்குள் மீன்கள். மேலே ஒரு பலகை: ‘மீன் வாழ்ந்தால் ஆலை ஓடும். மீன் செத்தால் ஆலை நிற்கும்.’

யோசனை பெரிய மேடத்தினுடையது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர் அது. ஆள் என்னவோ குட்டைதான், குரல்தான் பெரிது. அவள் அந்தப் பதவிக்கு வந்த புதிதில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. கிணறெல்லாம் சிவந்துபோச்சு, ஆலையை மூடு என்று வாய்க்கால் கரை விவசாயிகள் ஒரு பக்கம். மூடுறதானால் எங்கள் அடுப்பையும் சேர்த்து மூடு என்று ஆலைத் தெருக்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்தையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து அவள் பேசினாள்.

“தண்ணியும் வேணும், சம்பளமும் வேணும். ஒண்ணைக் கொன்னு ஒண்ணை வளர்க்க நான் வரல.”

கூட்டத்தில் ஒரு வயசான விவசாயி எழுந்தார். “பேச்சு நல்லாத்தான் இருக்கு. தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க நீட்டுற காகிதத்தைப் பார்த்தா?”

அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான் மீன் தொட்டி. படிக்கத் தெரிந்தவரும் பார்க்கலாம், தெரியாதவரும் பார்க்கலாம். ஊர் நம்பியது. பாவம், அவளும் நம்பினாள்.

அளவுக்கு மிஞ்சியே நம்பிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுபோனது. பரிசோதகர் இரண்டொரு தடவை ஞாபகப்படுத்தினார். “அதான் மீன் நீந்துதே, வேற என்னய்யா சாட்சி வேணும் உமக்கு?” என்று சிரித்து அனுப்பிவிட்டாள்.

தினமும் காலையில் அலுவலகம் போகும் வழியில் ஜீப்பை நிறுத்தித் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அதில் வால் கிழிந்த சாம்பல் மீன் ஒன்று இருந்தது. கண்ணாடியைத் தட்டினால் மற்றதெல்லாம் சிதறி ஓடும். அது மட்டும் நேரே வந்து முறைக்கும். “என்னை மாதிரியே இருக்கான் பாருங்க. அடி வாங்கியும் நகர மாட்டேங்கிறான்” என்பாள் ஓட்டுநரிடம். ஆலைத் தெருவிலிருந்த தங்கை வீட்டுக்குப் போனாலும் அந்த மீனின் பெருமைதான். தங்கை வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைப்பவள். தங்கை புருஷன் ஆலையில் சாயம் ஏற்றுகிறவன். எத்தனை தேய்த்தாலும் கையில் நீலம் போகாது, அதனால் தெருவே அவனை நீலக்கை என்றுதான் கூப்பிடும்.

இப்படி இருக்கையில் தலைநகரிலிருந்து துறைச் செயலாளரே தொட்டியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கூடவே பல ஊர் அதிகாரிகளும். அங்கெல்லாம் இதைப்போலவே வைக்கப் போகிறார்களாம். அன்று காலையில் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து தொட்டிக்கெதிரே நின்றாள். நல்ல புடவை, நெஞ்சு நிறையப் பெருமிதம். வால் கிழிந்த மீன் தெரிந்தது. தட்டினாள். அது வெருண்டு ஓடியது.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். பழைய கிழிசல் எலி கடித்த துணி மாதிரி பிசிறடித்து இருக்கும். இது நேர்க்கோடாக இருந்தது. நேற்று அந்த மீன் கண்ணில் படாதபோது ஆலைக் காவல்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. “கல்லுக்குப் பின்னாடி தூங்குது மேடம்.”

அந்த ஆலையில் தன்னிடம் நிஜத்தைச் சொல்லக்கூடியவன் நீலக்கை ஒருவன்தான் என்று தங்கை வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

கொல்லையில், வலை போட்டு மூடிய ஒரு வாளி. உள்ளே சாம்பல் மீன்கள் முட்டிக்கொண்டிருந்தன. வாளி விளிம்பில் தங்கையின் நூல் வெட்டும் கத்தரி, ஈரத்தோடு.

“என்னடி இது?”

தங்கை மறைக்கப் பார்க்கவில்லை. “மீனு.”

“யாருக்கு?”

“உனக்குத்தான். வேற யாரு தினம் வந்து மீன் பார்க்கறா?”

“முதலாளி செய்யச் சொன்னாரா?”

“அவருக்கு எதுக்கு இந்தப் பாடு? வடிகட்டி வீணாப் போயி எத்தனையோ நாளாச்சு, இதோ வாங்கறேன் அதோ வாங்கறேன்னு சாக்குச் சொல்றாரு. தொட்டியில போட்ட மீன் ரெண்டு மூணு நாள் தாங்கினா அதிகம். விடியறதுக்குள்ள நாங்கதான் மாத்தறோம். வீட்டுக்கு ஒரு வாரம்னு முறை வச்சிருக்கோம். இந்த வாரம் எங்க முறை.”

“வாலை வெட்டினது?”

தங்கையின் குரல் இறங்கியது. “நான்தான். உன் மீன் மட்டும்தான் இத்தனை நாள் தாங்குச்சு, அதுவும் செத்துப் போச்சுக்கா. நீ தேடுவியேன்னுதான்…”

அடிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “அந்தத் தண்ணிதானேடி கீழ இருக்கறவங்க கிணத்துல இறங்குது?”

“அவங்க கிணத்துல மட்டுமா? நம்ம குழாயிலயும் அதான். கேன் தண்ணி வாங்கிக் குடிக்கறோம். கேனுக்குச் சம்பளம் வேணும், சம்பளத்துக்கு ஆலை வேணும், ஆலைக்கு மீன் வேணும். நீ போட்ட முடிச்சுதானேக்கா? எங்களை ஏன் முறைக்கற?”

பேச்சுச் சத்தம் கேட்டு நீலக்கை வெளியே வந்தான். “இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க அண்ணி. வர்றவங்க வந்துட்டுப் போகட்டும். முதலாளி கால்ல விழுந்தாவது வடிகட்டியை மாத்த வைக்கறோம்.”

“இத்தனை நாளா ஏன் விழல?”

அவன் தன் நீலக் கைகளைப் பார்த்துக்கொண்டான். “மீனை மாத்தறது சுலபமா இருந்துச்சு.”

தெருமுனையில் கார்கள் திரும்பும் சத்தம் கேட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. செயலாளர் மலர்ந்த முகத்தோடு பேசினார். “வளர்ச்சியும் இயற்கையும் எதிரிங்கன்னு சொன்னவங்க வந்து இந்தத் தொட்டியைப் பார்க்கட்டும்” என்றார். நல்ல கைதட்டல். ஆலைத் தெருவே சுவரோரமாக நின்றது, தங்கையும் நின்றாள். அக்காவின் கண்ணைப் பிடித்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

அவளும் வாயைத் திறக்காமல் இருந்திருப்பாளோ என்னவோ. அதற்குள் அந்த வயசான விவசாயி முன்னால் வந்துவிட்டார். வெளியூர் அதிகாரி ஒருவரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கண்ணாடிமேல் விரலை வைத்து, “இதுங்கதான் சார் எங்க சாட்சி. கிணத்துத் தண்ணி இன்னும் தெளியல, ஆனா மீன் நல்லா இருக்கு. அதனால இனிமே தெளிஞ்சுடும்” என்று பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

“பெரியவரே, இந்த மீன் இன்னைக்கு விடியக்காலைலதான் வந்தது” என்றாள் பெரிய மேடம். அன்றைக்கு அவள் குரல் பெரிதாக இல்லை. “இதுக்கு முன்னால இருந்தது செத்துப் போச்சு. அதுக்கு முன்னால இருந்ததும் அப்படித்தான். பலகையில எழுதியிருக்கறபடி, இந்த நிமிஷத்திலிருந்து ஆலை நிக்குது.”

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவர் கண்ணாடியிலிருந்து விரலை எடுத்து, சுட்டுக்கொண்டவர் மாதிரி வேட்டியில் துடைத்துக்கொண்டார். தங்கை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

செயலாளர் பெரிய மேடத்தைத் தனியே அழைத்தார். “ஏம்மா, மீனை மாத்தறதும் ஒரு பராமரிப்புதானே? பல்பு ஃபியூஸ் போனா மாத்தறதில்லையா?”

“பல்பை மாத்தினா வெளிச்சம் வரும் சார். மீனை மாத்தினா தண்ணி மாறுமா?”

“நல்லாப் பேசறீங்க” என்று சிரித்தார். “ஒரு ஆலை தப்புப் பண்ணா யோசனையே தப்பாயிடுமா? நல்ல யோசனை. நாங்க விடமாட்டோம்.”

விடவும் இல்லை. ஊர் ஊராக மீன் தொட்டிகள் வந்தன. திட்டத்தைக் கண்டுபிடித்தவர் என்று அவள் பெயரைப் போட்டு, பளபளவென்று ஒரு கேடயமும் வந்து சேர்ந்தது. முதலாளி வடிகட்டி வாங்கவில்லை. இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றி, வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே வரி குறைவாம். வாய்க்கால் கரைக் கிணறுகளில் சிவப்பு அப்படியே நின்றது. மண்ணுக்குள் இறங்கின சாயம் ஆலை நின்றது தெரிந்தா வெளியேறும்? ஒருநாள் வழியில் பார்த்த அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தாள். “நீங்க நெஜத்தைச் சொன்னீங்கம்மா. அதை வச்சு வயலுக்குப் பாய்ச்ச முடியலையே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை வீட்டுப் படி ஏற அவளுக்கு வெகுநாள் துணிவு வரவில்லை. ஏறின அன்று, தையல் மிஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. கேன் இருந்த மூலை காலி. தங்கை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து வைத்தாள். அடியில் செம்மண் கரைத்த மாதிரி நிறம். அவள் எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். தங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “போதும், வை. வயித்துக்கு ஆகாது” என்று டம்ளரைப் பிடுங்கிக் கொல்லையில் கொட்டினாள்.

அப்புறம் உட்கார்ந்து, பாதியில் விட்ட வேலையைத் தொடர்ந்தாள். நூல் வெட்டும் கத்தரிக்கு எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளை எங்கடி?”

“முதலாளி பின்னாலயே போயிட்டாரு. வேலை கெடைச்சிருக்கு.”

“சாயத்துலயா?”

“சாயத்துல இல்ல. அங்கயும் சுவத்துல தொட்டி வச்சிருக்காங்களாம். அதைப் பார்த்துக்கற வேலை. அரசாங்கத் திட்டமாம்.” கொஞ்சம் நிறுத்தி, “உன் திட்டம்தான்” என்றாள்.

“கத்தரி எதுக்கு?”

“கேட்டு விட்டிருக்காரு. அந்த ஊரு மேடத்துக்கும் ஒரு மீன்மேல ரொம்பப் பிரியமாம்.”

தங்கை பொட்டலத்தை நூலால் இறுக்கிச் சுற்றினாள். முடிச்சு வழுக்கி வழுக்கிப் போனது.

“விரலை வை அக்கா, இதுமேல.”

அவள் விரலை வைத்தாள்.