நடு ஃபின்னுக்கு ஒரு ஹாரன்

அலைச்சறுக்குக்காரர்கள் கூடும் வாரிங்கா முனைக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. அடியில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு ஃபின் வைத்த இரட்டை ஃபின் சறுக்குப் பலகையின் நடுவில் யாராவது மூன்றாவதாக ஒரு குட்டி ஃபின்னை மாட்டிக்கொண்டு அலையேற வந்தால், கார் நிறுத்தத்தில் இருக்கும் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்து மானத்தை வாங்கும். வால்பக்கம் இருக்கிற இரண்டை வைத்துச் சமாளிக்கத் தெரியாதவனுக்கு அந்தப் பலகை எதற்கு என்பது எங்கள் கட்சி. ஆரம்பித்து வைத்த புண்ணியவதி நான்தான். நல்ல அலையை எடுத்தாலும் அதே ஹாரன்தான் அடிப்போம். எது எதற்கு என்று அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

இந்த வருடம் எங்கள் அலைச்சறுக்கு கிளப் அணியில் இரட்டை ஃபின்காரருக்கான இடம் காலியானது. அதற்கு நின்றது இரண்டே பேர், நானும் என் தம்பி டூகலும். ஒவ்வொரு வருடமும் அணி கடலுக்குப் போகும், நான் கரையில் நின்று அவர்களுக்கு சாசேஜ் சுடுவேன். இந்த முறையும் விட்டால் அந்த அடுப்போடு சேர்த்துத்தான் என்னைப் புதைப்பார்கள். அவ்வளவு வெறி எனக்கு.

என் பச்சைப் பலகை வேகத்தில் புலி. திருப்பினால்தான் சனியன். அலையின் அடிக்கு இறங்கி மேலே திருப்பும்போது வால் வழுக்கும். அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"ஃபின்ல ஒண்ணும் இல்லக்கா, உன் இடுப்புலதான் கோளாறு," என்றான் டூகல். "வயசாயிடுச்சுல்ல, வளைய மாட்டேங்குது."

"ஆமாடா, நீ பால்குடி மறக்காத பிள்ளை!"

வாயால் திட்டிவிட்டு, ஃபின்களை மாற்றிப் பார்க்க உட்கார்ந்தேன். உயரமான, மெல்லிய ஜோடியை மாட்டிப் பார்த்தேன். சட்டென்று திரும்பியது, சட்டென்று கவிழ்த்தது. அடி அகலமான, குட்டை ஜோடியை மாட்டினேன். நல்ல பிடிமானம்தான், ஆனால் பள்ளிக்கூட பஸ்ஸைத் திருப்புவதுபோல் நான் திருப்பி முடிப்பதற்குள் அலையே தீர்ந்துவிட்டது.

பலகைக் கடை நோலீன் தலையில் அடித்துக்கொண்டாள். "மெரிடி, வீம்பு பண்ணாத. அந்த உயரமான ஜோடியவே மாட்டு. நடுவுல இந்தக் குட்டியப் போடு, வால் அடங்கிடும்."

"செத்தாலும் போட மாட்டேன்."

"அப்ப சாசேஜ் சுடு, போ."

அவள் என் கையில் திணித்த குட்டி ஃபின் நல்ல ஆரஞ்சு நிறம், கண்ணைப் பறிக்கும். வேனில் தூக்கிப் போட்டேன்.

அணி இடத்துக்கு எங்கள் இருவருக்கும் வைத்த போட்டியன்று காலை, நான் மாட்டியிருந்த உயரமான ஜோடியில் ஒரு ஃபின் ஆடியது. அதை முறுக்கும் திருகுச் சாவியைக் காணோம். அது என்றைக்கு இருந்திருக்கிறது! டூகல் பெயர் கொடுக்கப் போயிருந்தான். அவன் கார் கூரையில் பலகை கிடந்தது. அதன் அடியில் சாவி இருக்குமோ என்று கையைவிட்டுத் துழாவினேன். கட்டைவிரலில் ஏதோ நறுக்கென்று இடித்தது. உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தடவினால் இருக்கிறது! நடுவில், கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத ஒரு குட்டி ஃபின்.

"என்னடா இது?"

திரும்பி வந்த டூகலுக்கு முகம் வெளிறிவிட்டது. "அக்கா, கத்தாத."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா... நீ ஹாரன் அடிப்பியேன்னுதான்."

"அடப்பாவி! நடு ஃபின் போட்டவங்களுக்கு என்னைவிடச் சத்தமா ஹாரன் அடிச்சவன் நீதானேடா? என் இடுப்பைச் சொன்ன வாயா இது?"

"மெதுவா பேசுக்கா, கால்ல வேணாலும் விழறேன். இதே மாதிரி இன்னொண்ணு வெச்சிருக்கேன். நீயும் மாட்டிக்கோ, ஒருத்தருக்கும் தெரியாது."

ஒரு கணம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். பிறகு கோபம் ஜெயித்தது. வேனுக்குப் போய் அந்த ஆரஞ்சு சனியனைத் தேடி எடுத்து, அவன் திருகுச் சாவியை வாங்கி நடுவில் முறுக்கி மாட்டினேன், ஆடியதையும் இறுக்கினேன்.

பலகையைக் கக்கத்தில் இடுக்கி கார் நிறுத்தத்தைக் கடந்தேன். அடித்தார்கள் ஐயா ஹாரன்! நான் வளர்த்த கடா என் மார்பிலேயே பாய்ந்தது. காது மடல் சுட்டது. நேராகப் போய்த் தண்ணீரில் இறங்கினேன்.

நான் எடுத்த அலை என் தலைக்கு மேல் எழுந்தது. அடிக்கு இறங்கினேன், திருப்பினேன். வால் வழுக்கவில்லை. மேலே போய் மறுபடி திருப்பினேன், பலகை சொன்னபடி கேட்டது. கரையிலிருந்து மறுபடி ஹாரன். எதற்கு அடிக்கிறார்கள் என்று முதல் தடவையாக நான் கவலைப்படவில்லை.

போட்டி முடிந்ததும், முடிவை அறிவித்த நோலீன் மைக்கில் என் பெயரைச் சொன்னாள். டூகல் மிகக் கொஞ்சப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றான். அந்த இடம் எனக்கு! மணலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

டூகல் பலகையைத் துண்டால் மூடிக்கொண்டு கார் நிறுத்தத்துக்கு மேலேறி வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் வேனில் ஏறி ஹாரனில் கையை வைத்து அழுத்தினேன். எடுக்கவே இல்லை. கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எதுக்குக்கா?" என்று கத்தினான்.

"உனக்கே தெரியும்டா!"

நோலீன் போய் அந்தத் துண்டை உருவினாள். பலகையின் அடியில் கையால் தடவிப் பார்த்தவள் "அட!" என்றாள். அப்புறம் ஹாரன் அடிக்காத வண்டி ஒன்றுகூடப் பாக்கியில்லை.

சத்தம் ஓய்ந்ததும் இறங்கிப் போய் அடுப்பு இடுக்கியை அவன் கையில் கொடுத்தேன்.

"இந்தா. சாசேஜ் கருகாம பாத்துக்கோ. இதுக்கு இடுப்பு வளைய வேண்டியதில்ல."